முப்பது வாய், ஒரே புதன்கிழமை

அத்தியாயம் 9

முப்பதாவது ஆளும் அதையேதான் சொன்னார்.

"புதன்கெழமைங்க மேடம். காலைல ஆறு மணி. கண்ணு முன்னாலயே ஸ்டோரு சரிஞ்சு கீழ போயிருச்சுங்க."

ஸ்டோரு என்றால் தேயிலை ஃபேக்டரி. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து குடியேறியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். துப்பறிவாளர் ராஜகுமாரி தன் நோட்டில் முப்பதாவது முறையாக 'புதன், காலை 6' என்று எழுதிப் பேனாவை மூடினார்.

"ஜெகா, ஒரு எஸ்டேட்ல முப்பது பேர்கிட்ட மணி கேட்டா எத்தனை மணி கிடைக்கும்?"

"முப்பத்தொண்ணு மேடம். அதுல ஒருத்தர் ரெண்டு வாட்ச் கட்டியிருப்பார்."

"இங்க ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சிருக்கு. அதான் எனக்கு இடிக்குது."

உதவியாளன் ஜெகதீசன் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றது. காலையிலிருந்து அவன் மறைத்து வைத்திருந்த பயத்தைத்தான் ராஜகுமாரி இப்போது வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இந்த முப்பது பேருக்கும் புதன்கிழமையைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் வேறு யாரும் இல்லை, அவனேதான். அப்படித்தான் அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

வழக்கு இதுதான். மஞ்சூருக்கு அப்பால் டன்பார் எஸ்டேட். பச்சைத் தேயிலை கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்து, மலை முழுக்க எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்த காலம். பட்ட காலிலே படும் என்பார்களே, அந்த மாதிரி நவம்பர் மழையும் சேர்ந்துகொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் மேல் டிவிஷனில் மண் சரிந்து கிடங்கு, லாரி ஷெட், அதிகாரிகள் குவார்ட்டர்ஸ் எல்லாம் போயின. நஷ்டம் எண்பது லட்சம். அதே வாரம் கீழே ஃபேக்டரியும் சரிந்தது. நஷ்டம் தொண்ணூறு லட்சம். ரோடும் டெலிபோனும் பன்னிரண்டு நாள் செத்துக் கிடந்ததால் ஃபேக்டரி எந்த நாள் விழுந்தது என்று வெளியுலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

எஸ்டேட்டுக்கு இன்சூரன்ஸ் கொடுத்தது மலைச்சாரல் ஜெனரல் என்ற சின்னக் கம்பெனி. சின்னக் கம்பெனி பெரிய நஷ்டத்துக்குப் பயந்து மும்பையில் ஒரு பெரிய கம்பெனியிடம் தன்னையே இன்சூர் செய்து வைத்திருந்தது. மறுகாப்பீடு. அந்த ஒப்பந்தத்தை முதல்முதலாகப் படித்த அன்று குன்னூர் ஆபீசில் ஜெகதீசன்தான் டைப்பிஸ்ட் நாஜ்னீனுக்கு விளக்கினான்.

"ஒரு மாமனார் இருக்காரு நாஜ்னீன். மாப்பிள்ளைகிட்ட சொல்றாரு, 'உங்க ஊட்டு விசேஷம் எதுவானாலும் முதல் ஒரு லட்சம் உங்க கைக்காசு, அதுக்கு மேல ஆகறது என் பொறுப்பு'ன்னு. மாப்பிள்ளை காதுகுத்துக்கு எண்பதாயிரம் செலவு பண்றான். கிரகப்பிரவேசத்துக்குத் தொண்ணூறாயிரம். தனித்தனியா பண்ணினா ரெண்டும் லட்சத்துக்குள்ள. மாமனார் பையில கையே விடவேண்டாம், ஒண்ணே முக்கால் லட்சம் கிட்ட மாப்பிள்ளை தலையில. அதையே ஒரே பந்தல்ல பண்ணிட்டா? ஒரே விசேஷம். மாப்பிள்ளை ஒரு லட்சத்தோட நிறுத்திக்கலாம், மீதி எழுபதாயிரம் மாமனார் வைக்கணும்."

"அதுக்கு மாமனார் ஒத்துக்குவாரா?"

"எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள நடந்தா ஒரே விசேஷம். இது மாமனாரே கையெழுத்துப் போட்ட கண்டிஷன்."

லட்சத்தைக் கோடியாக மாற்றிக்கொண்டால் வழக்கு முழுவதும் இதற்குள் இருந்தது. ஞாயிறு பகல் பன்னிரண்டிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரம் என்றால் புதன் பகல் பன்னிரண்டு. ஃபேக்டரி அதற்குள் விழுந்திருந்தால் இரண்டு சரிவும் ஒரே நஷ்டம். மலைச்சாரல் தன் கையிலிருந்து ஒரு கோடியோடு தப்பும், மும்பை எழுபது லட்சம் கட்டும். அதற்குப் பிறகு விழுந்திருந்தால் மும்பைக்கு ஒரு பைசா செலவில்லை, ஒரு கோடியே எழுபது லட்சமும் மலைச்சாரல் தலையில். அவ்வளவு பணம் அந்தக் கம்பெனியிடம் கிடையாது. கோர்ட்டு, வாய்தா என்று அது வருஷக்கணக்கில் இழுத்தடிக்கும். ஏற்கெனவே பெட்டியைக் கட்டி வைத்திருந்த முதலாளி எஸ்டேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். நூற்று நாற்பது குடும்பத்துக்கு ஃபேக்டரியும் இல்லை, வேலையும் இல்லை.

ராஜகுமாரியை அமர்த்தியிருந்தது மும்பைக் கம்பெனி.

அந்த நூற்று நாற்பதில் ஒரு குடும்பம் ஜெகதீசனின் அக்கா மரகதத்தின் குடும்பம். இந்த எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாம் நம்பர் லயத்தில்தான் அவனும் பிறந்தான். அதை அவன் மேடத்திடம் சொல்லவே இல்லை. சொன்னால் இந்த வழக்கில் சேர்த்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும். டெலிபோன் சரியான அன்றே ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டான். அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கத்தான் கூப்பிட்டான். கேட்டதோடு வைத்திருக்கலாம். தம்பி பெரிய ஆளாகிவிட்டான் என்று காட்ட வேண்டாமா? மாமனார் கதை முழுவதையும் சொல்லி, "புதன் மத்தியானத்துக்கு முன்னாடி விழுந்திருந்தா உங்க அதிர்ஷ்டம்க்கா" என்றும் சொல்லிவைத்தான். மூன்றாம் நாள் எஸ்டேட்டிலிருந்து கடிதம் வந்தது. ஃபேக்டரி விழுந்த நாள் புதன், காலை ஆறு மணி. தவளை தன் வாயால் கெடும் என்பதை அன்றைக்குத்தான் அவன் பாடமாகப் படித்தான்.

இன்று காலை சாட்சி சொல்ல வந்தவர்களில் பதினேழாவது ஆள் மரகதம். மழைக்குத் தலையில் மடித்துப் போர்த்திய சாக்குக் கொங்காணியோடு வந்து நின்றாள்.

"பேரு?"

"மரகதம்."

"இந்தத் தம்பியை முன்னாடி பார்த்திருக்கீங்களா? நீங்க அவனையே பார்த்த மாதிரி இருந்துச்சு."

"இல்லீங்க. புது ஆளா இருக்காருன்னு பாத்தேன்."

புதன்கிழமை சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். ஜெகதீசனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தம்பியைத் தெரியாது என்று இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறவள் புதன்கிழமையையும் பொய்யாகத்தானே சொல்வாள்? எல்லாரையும் பொய்யர்களாக்கிவிட்டோமே என்று அவன் மனம் புழுங்கியது.

முப்பதாவது ஆள் ஆறுக்குட்டி, லாரி லோடு ஏற்றுகிறவர், எழுந்து போகிறபோது சும்மா போகவில்லை.

"எப்படியோ மேடம், ரெண்டும் ஒரே விசேஷந்தானுங்களே. பாத்து எழுதுங்க."

ராஜகுமாரியின் பேனா பாதி திறந்தபடி நின்றது. "விசேஷமா?"

"அப்படித்தானுங்க லயத்துல பேசிக்கிறாங்க."

ராஜகுமாரி ஜெகதீசன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஃபேக்டரி இருந்த இடத்தில் பாதிச் சுவரும் நிறைய மண்ணும்தான் மிச்சம். வாட்ச்மேன் தனசிங் குடை பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பறித்த கொழுந்தைப் பரப்பி ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் வாட்டுகிற நீளத் தொட்டிகள் இரண்டு மட்டும் உடையாமல் மண்ணுக்குள் புதைந்திருந்தன. ராஜகுமாரி ஒரு தொட்டியின் ஓரத்தில் மண்ணைக் கையால் வழித்தார். அடியில் கறுத்துப்போன கொழுந்து, ஒரு சாண் உயரத்துக்கு.

"ஜெகா, இது என்ன?"

"ஒரு லட்சம் கப் டீ மேடம். பால்தான் பாக்கி."

"தனசிங் அண்ணா, ஞாயித்துக்கிழமை மண் சரிஞ்சதுக்கு அப்புறம் கொழுந்து பறிச்சீங்களா?"

"திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் வேலை இல்லீங்க. பேய் மழை."

"சனிக்கிழமை பறிச்சது?"

"சனிக்கெழம பறிச்சாங்க."

"அது சனி ராத்திரி வாடி, ஞாயிறு காலைல அரைச்சு முடிஞ்சிருக்கும். லைன் கம்பம் சாய்ஞ்சது ஞாயிறு மத்தியானம்னு மின்வாரியத்துல சொல்றாங்க. அதுவரைக்கும் ஃபேன் ஓடியிருக்கும்." ராஜகுமாரி கையைத் தட்டிக்கொண்டார். "அப்போ புதன் காலைல இந்தத் தொட்டி காலியா இருந்திருக்கணும். காலியா இல்லை. வியாழக்கிழமை மழை விட்டுச்சுன்னு குன்னூர்ல எல்லாருக்கும் தெரியும். வியாழன் பறிச்ச கொழுந்து இது. ஃபேக்டரி விழுந்தது வெள்ளி."

தனசிங் வாயைத் திறந்தார். ராஜகுமாரி அதற்குள் இன்னொன்றைப் பார்த்துவிட்டார். மண்ணில் கவிழ்ந்து கிடந்த ஒரு இரும்புச் சங்கு. கையால் சுற்றி ஊதுகிற பழைய ரகம், கைப்பிடி வளைந்திருந்தது.

"இதை யார் ஊதுவாங்க?"

"நாந்தானுங்க. காலைல அஞ்சே முக்காலுக்கு, ஆளுங்க பெரட்டுக்கு வர. அங்கதான் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பாங்க. நோன்பு மாசத்துல சாயங்காலமும் ஒருக்கா ஊதுவேன்."

"நோன்புக்கா? உங்க பேரு தனசிங்னு சொன்னீங்க."

"எனக்கு இல்லீங்க. எதிர்மலைக் கடைவீதில பாய்மாரு இருக்காங்க. கரண்டு போச்சுன்னா பள்ளிவாசல் மைக்கு பேசாது. நூர் அகமது பாய் ஒருக்கா கேட்டாருங்க. அதுல இருந்து வருசா வருசம் ஊதுறேன். இந்தப் பள்ளத்துல சத்தம் நேரா அங்க போய் விழும்."

ராஜகுமாரியின் முகத்தில் அன்று முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

"ஜெகா, வண்டிய எடு. சங்கு என்னைக்கு ஊதலைன்னு எதிர்மலைக்குத் தெரியும். அவங்களுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது."

கண்ணுக்கு எதிரே இருக்கிற எதிர்மலைக்கு ரோடு பதினான்கு கிலோமீட்டர். ஜெகதீசன் வழக்கமாக ஒரு வளைவுக்கு ஒரு ஜோக் வீதம் சொல்லி ஓட்டுகிறவன். இன்று ஆறு வளைவு ஜோக்கே இல்லாமல் போனது. ஏழாவது வளைவில் அவன் ஜீப்பை ஓரங்கட்டி என்ஜினை அணைத்தான்.

"மேடம், அங்க போக வேண்டாம். விழுந்தது வெள்ளிதான்."

"எப்படித் தெரியும்?"

சொன்னான். அக்காவை, மூன்றாம் நம்பர் லயத்தை, டெலிபோனை, மாமனார் கதையை, எல்லாவற்றையும். மடையைத் திறந்துவிட்ட மாதிரி, கேட்காததையும் சேர்த்துக் கொட்டினான்.

"அவங்க நல்லவங்க மேடம். பசிக்குப் பயந்துட்டாங்க. நான்தான் வழி காட்டினேன். என்னை என்ன வேணா பண்ணுங்க."

"ஆறுக்குட்டி விசேஷம்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். அது நாஜ்னீன்கிட்ட நீ விட்ட கதை. நீயா சொல்வியான்னு காத்துக்கிட்டு இருந்தேன்." ராஜகுமாரி நோட்டை மடியில் விரித்தார். "போன் பண்ணினது உனக்குத் தெரியும், சரி. அவங்க பொய் சொல்றாங்கங்கிறது தெரியுமா, தோணுதா?"

"தெரியும் மேடம்."

"யோசிச்சு சொல்லு."

"எங்கக்கா என்னையே தெரியாதுன்னு சொன்னா மேடம். வேற என்ன வேணும்? தெரியும்."

ராஜகுமாரி எல்லாவற்றையும் எழுதினார். கடைசி வரி இது: 'என் அக்கா மரகதம் உட்பட எஸ்டேட் ஆட்கள் அனைவரும் நான் சொல்லிக்கொடுத்தபடி பொய் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.' ஜெகதீசன் அதன் கீழ் கையெழுத்துப் போட்டான். போட்டதும் நெஞ்சு லேசானது போல இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு வருகிற அந்தச் சுகம் இருக்கிறதே, அது பொல்லாதது. யார் தலையை அடகு வைத்து அந்தச் சுகத்தை வாங்கினோம் என்று அந்த நேரத்தில் தோன்றுவதில்லை.

"இப்போ வண்டிய எடு," என்றார் ராஜகுமாரி.

"இன்னும் எதுக்கு மேடம்?"

"உன் வாக்குமூலமும் ஒரு வாய்தானே. எனக்கு வாய் போதும். சங்கு வேணும்."

நூர் அகமதுவின் மளிகைக் கடை பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. பெருநாள் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, கடை வாசலில் தோரணம் இன்னும் தொங்கியது. சங்கு என்று சொன்னதுமே அவர் தராசை விட்டுவிட்டு வந்தார்.

"ஏனுங்க, தனசிங் சொல்லி அனுப்பினானா? அவன் மூஞ்சில முழிக்கவே எனக்கு வெக்கமா இருக்குதுங்க."

"ஏன்?"

"அவனைப் பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டேனுங்க. சங்கு ஊதாத அன்னைக்கு."

"அது என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமுங்களா? பதினோராவது நோன்பு. அன்னைக்குக் கஞ்சி எங்க ஊட்டு முறை."

ராஜகுமாரிக்கு அது புரியவில்லை. உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி ராபியா விளக்கினார். நோன்பு மாசத்தில் பள்ளிவாசலில் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்ச வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வீட்டு முறை. மாசம் பிறக்கும் முன்பே யாருக்கு எத்தனையாவது நோன்பு என்று பேசி வைத்துவிடுவார்கள். பதினொன்று இவர்களுக்கு, பன்னிரண்டு பக்கத்து வீட்டு அப்சலுக்கு.

"அண்டாக் கஞ்சியை இறக்கி வெச்சுட்டுக் காத்திருக்கோமுங்க," என்றார் ராபியா. "கரண்டு இல்ல, மைக்கு இல்ல, எதிர்மலையே தெரியாம ஒரே மஞ்சு. முந்தின நாள் வரைக்கும் சங்கு ஊதுச்சு. அன்னைக்குச் சத்தமே இல்ல. வாட்ச்ச பாத்தா நேரம் ஆயிருச்சு. இவரு மட்டும், 'சங்கு ஊதட்டும், ஊதட்டும்'னு எல்லாரையும் நிறுத்தி வெச்சுட்டாரு. கஞ்சி ஆறி ஆடை கட்டிப்போச்சு. ஊரே எங்க ஊட்டுக்காரரைத்தான் திட்டுச்சு."

"நான் தனசிங்கைத் திட்டினேன். குடிச்சுப்போட்டுப் படுத்திருப்பான்னு." நூர் அகமது தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்குக் காலைல அவன் நின்ன எடமே போயிருச்சுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுதுங்க."

"முதல் நோன்பு என்ன கிழமை?" ராஜகுமாரியின் குரல் மாறியிருந்தது.

"ஞாயித்துக்கெழம."

ஜெகதீசன் விரலை மடக்கினான். முதல் நோன்பு ஞாயிறு. எட்டாவது நோன்பும் ஞாயிறு, மேல் டிவிஷன் சரிந்த நாள். ஒன்பது திங்கள். பத்து செவ்வாய். செவ்வாய் சாயங்காலம் சங்கு ஊதியிருக்கிறது. பதினொன்று...

விரல் பாதியில் நின்றது.

"புதன்," என்றார் ராஜகுமாரி.

"ஆமாங்க, புதன். வியாழன் அப்சல் ஊட்டு முறை. அன்னைக்கும் சங்கு இல்ல."

"கரண்டு என்னைக்குப் போச்சு? ஞாயித்துக்கிழமை மத்தியானமா?"

"அது கம்பம் சாய்ஞ்சதுங்க. கரண்டு சனிக்கெழம சாயங்காலமே போயிருச்சு. டிரான்ஸ்பார்மர் வெடிச்ச சத்தம் இங்க கேட்டுச்சே. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எல்லாத்துக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர்தானுங்க. ஏழாவது நோன்பையே சிம்னி வெளக்குலதான் தொறந்தோம்."

ராஜகுமாரி நாற்காலியில் சாய்ந்தார். சனி சாயங்காலம் கரண்டு இல்லை என்றால் ஃபேன் இல்லை, மெஷின் இல்லை. சனிக்கிழமை பறித்த கொழுந்து தொட்டியிலேயே கிடந்து அழுகியிருக்கிறது. அதைத்தான் அவர் வியாழக்கிழமைக் கொழுந்து என்று கண்டுபிடித்திருந்தார். தனசிங் சொல்ல வாயெடுத்ததும் அதைத்தான். பேச விட்டிருந்தால் பதினான்கு கிலோமீட்டர் மிச்சமாகியிருக்கும்.

"அப்போ ஏன் மூணு நாளா அந்தக் கொழுந்தை அள்ளிக் கொட்டலை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

பதில் ஜெகதீசனிடம் இருந்தது. எடை போட்டு உள்ளே வாங்கிய கொழுந்தை, ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரின் கையெழுத்து இல்லாமல் யாரும் கொட்டக்கூடாது. டீமேக்கர் ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் மாட்டிக்கொண்டார். ஒரு தடவை நாறிப்போன கொழுந்தைக் கேட்காமல் கொட்டியதற்காக அவன் அப்பாவுக்கே அரைநாள் சம்பளம் பிடித்திருக்கிறார்கள். அந்தச் சோறு இல்லாத ராத்திரி அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. லயத்தில் பிறந்த எவனும் அந்தத் தொட்டியைப் பார்த்ததும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவன் கேட்கவில்லை. தொட்டிக்குள் கொழுந்து தெரியவில்லை அவனுக்கு, தன் குற்றம்தான் தெரிந்தது.

"மேடம், அந்த முப்பது பேரும்..."

"உண்மையைச் சொல்லியிருக்காங்க."

"எல்லாரும் ஒரே மாதிரி எப்படி?"

"அதைப் போய்க் கேட்போம்."

மூன்றாம் நம்பர் லயத்தின் கோடி வீட்டில் மரகதம் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். தம்பி தனியாக வரவில்லை, மேடத்தோடு வருகிறான் என்றதும் மறுபடியும் தெரியாதவள் முகத்தைப் போட்டுக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. எல்லாம் சொல்லிட்டேன்," என்றான் ஜெகதீசன்.

மரகதம் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன்டா சொன்ன? ஒன் வேல போயிருமேன்னுதானே நான் ஒன்னத் தெரியாதுன்னேன்."

ராஜகுமாரி குறுக்கே வந்தார். "அம்மா, புதன்கிழமை காலைல ஆறு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பெரட்டுலதாங்க. எல்லாரும் அங்கதான் நின்னோம்."

"மழை. வேலை இல்லைன்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்குப் போனீங்க?"

"வேல இல்லேன்னு அங்க போய் நின்னாத்தானே சொல்லுவாங்க? வராத ஆளுக்கு அடுத்த நாளும் வேல இல்லேன்னுருவாங்க. அதனால தெனமும் சங்கு ஊதுன ஒடனே போய் மழையில நிப்போம். அன்னைக்கு நின்னுக்கிட்டு இருக்கறப்பதான் எதுத்தாப்ல ஸ்டோரு போச்சு. எல்லாரும் ஒரே எடத்துல நின்னு பாத்தோங்க. வேற வேற மாதிரி எப்பிடிச் சொல்றது?"

ராஜகுமாரி தலையை ஆட்டினார். "நான்தான் கேட்கத் தெரியாம கேட்டிருக்கேன். 'எப்போ'ன்னு முப்பது தடவை கேட்டேன். 'எங்க நின்னீங்க'ன்னு ஒருத்தர்கிட்டயும் கேட்கலை."

"தம்பி போன்ல சொன்னத வீட்டுல சொன்னேங்க," என்றாள் மரகதம். "புதன்கெழம விழுந்தது நல்லதாப் போச்சாம், ஒரே விசேஷமாம்னு. எங்க வீட்டுக்காரரு லயம் பூரா சொல்லிட்டாரு. தப்புங்களா?"

"உங்க தப்பு இல்லை." ராஜகுமாரி நோட்டைத் திறந்து ஜெகதீசன் பக்கம் நீட்டினார். "ஆனா இது இருக்கு."

அவன் வாக்குமூலம். அவன் கையெழுத்து.

"மேடம், அதைக் கிழிச்சிருங்க."

"கிழிச்சா நான் எதுக்கு? மும்பைக்கு அனுப்பற ரிப்போர்ட்ல விழுந்தது புதன்னு எழுதுவேன். எழுபது லட்சம் நீங்க கட்டணும்னும் எழுதுவேன். எனக்குக் கூலி கொடுக்கறவங்க கிட்டயே சொல்வேன். நீ போன் பண்ணினதை மட்டும் மறைச்சா, நாளைக்கு அவங்க வக்கீல் அதைத் தோண்டி எடுத்து மொத்த ரிப்போர்ட்டையும் குப்பையில போடுவார். இது போகணும். இந்த முப்பது பேர் சாட்சியும் இதோட அடிபட்டுப் போகும். நூர் அகமது ஒருத்தர்தான் நிப்பார். அவர் குன்னூர் வந்து சொல்றேன்னிருக்கார். எனக்கு அது போதும்னுதான் தோணுது."

"போதலைன்னா?"

ராஜகுமாரி பேனாவை எடுத்தார். "இதுல பேர் வர்ற ஆளுக்குப் படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கணும். அது வழக்கம். நீயே படி."

ஜெகதீசன் நோட்டை வாங்கினான். குன்னூர் ஆபீசில் நூறு வாக்குமூலம் படித்துக் காட்டியிருப்பான். திருடன் வாக்குமூலத்தைக்கூட ராகம் போட்டுப் படித்துச் சிரிக்க வைப்பான். இப்போது ராகம் எதுவும் போடாமல் ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். டெலிபோன் பண்ணியதைப் படித்தான். மாமனார் கதையைப் படித்தான். கடைசி வரிக்கு வந்து நின்றான்.

"படி," என்றாள் மரகதம்.

"என் அக்கா மரகதம் உட்பட எஸ்டேட் ஆட்கள் அனைவரும்... நான் சொல்லிக்கொடுத்தபடி பொய் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்."

லயத்துக் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து ஒருவர் இருவராக வெளியே வந்து நின்றிருந்தார்கள். ஆறுக்குட்டியும் இருந்தார். எல்லாருக்கும் கேட்டிருந்தது.

"நீ இந்த லயத்துல பொறந்தவன்னு மும்பைக்காரங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் மரகதம்.

"இதுல எழுதியிருக்குக்கா. தெரியும்."

"அப்ப நீ சொன்னத நம்பத்தான் செய்வாங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. விறகுத் தூசியைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். எங்கே போட வேண்டும் என்று ராஜகுமாரியிடம் கேட்டாள், தம்பியிடம் கேட்கவில்லை. ராஜகுமாரி விரல் வைத்துக் காட்டிய இடத்தில், அவன் கையெழுத்துக்கு நேர் கீழே, ம-ர-க-த-ம் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தாள்.